எட்டு கிலோ சட்டம்

இந்தத் தடவை என் மனைவியை ஒரே ஒரு பையோடு பயணம் கூட்டிக்கொண்டு போவது என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் சத்தமாகப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். அங்கேயும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவேன்.

சபதத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகள். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்து மூன்று நாள் எங்காவது போய்வருவோம். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வருவார்கள். என் மனைவி ஒரு பெட்டியோடு வருவாள். அதைப் பெட்டி என்று சொன்னால் மற்ற பெட்டிகளுக்குக் கோபம் வரும். போன வருஷம் நாங்கள் தங்கிய விடுதியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி வரைக்கும் அதை நான்தான் தூக்கினேன். இரண்டாவது மாடியில் அதன் சக்கரம் கழன்றது. மூன்றாவது மாடியில் நான் கழன்றேன். எங்கள் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் பின்னாலேயே வந்து, "இன்னும் பதினோரு படிதான்... இன்னும் பத்துதான்..." என்று எண்ணிக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மனிதரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இத்தனைக்கும் நான் பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பொட்டலங்களைத் தராசில் வைத்து, "உள்ளே என்ன?" என்று கேட்டுக் கேட்டுப் படிவம் நிரப்பிய கை இது. சொந்த வீட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை. தூக்கத்தான் தெரிந்தது.

அதனால் குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஆளுக்கு ஒரு பை. பைக்கு எட்டு கிலோ. புறப்படும்போது நானே எடை போடுவேன். மாடி வீட்டுத் தையல்காரம்மா கைதட்டினார். வாத்தியார் வழிமொழிந்தார். மூட்டை முடிச்சுக்கெல்லாம் என்னையே பொறுப்பாளர் ஆக்கினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"தீர்மானம் ஆயிடுச்சு. எட்டு கிலோ."

"சரிங்க."

"எட்டுன்னா எட்டு. எட்டே கால் கிடையாது."

"அதான் சரின்னேனே."

நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் இரண்டு 'சரி' சொன்னதில்லை.

"சண்டை போடலயா?"

"எதுக்குங்க சண்டை? எதை எடுக்கறது, எதை விடறதுன்னுதான் எனக்குத் தெரியல. உங்க ஆபீஸ்ல எப்படிப் பண்ணுவீங்க?"

அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. உடனே ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன். பொருள், எடை, பெறுநர்.

"பெறுநர்னா?"

"அது யாருக்குப் போய்ச் சேரணுமோ அவங்க. அவங்க கையிலதான் குடுப்போம். வேற யார் வந்து நின்னாலும் குடுக்க மாட்டோம்."

"அப்போ ஒரு பொருள் யாருக்கோ, அவங்க பையிலதான் அது போகணும்?"

"அவ்வளவேதான்! எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்ட, பாரு!"

நான் பூரித்துப்போனேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்காகச் சிரித்தோம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தாள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் எடை போட்டு எழுதினேன்.

"வாந்தி வந்தா பிடிக்கிற கவர், பன்னெண்டு."

"யாருக்கு?"

"வாத்தியாருக்கு. வளைவு வந்தா அவருக்கு ஒத்துக்காது."

"இந்த முழங்கால் பட்டை?"

"தையல்காரம்மாவுக்கு. ஒவ்வொரு தடவையும் மறந்துட்டுத்தான் வருவாங்க."

"இந்தக் குட்டித் தலகாணி?"

"உங்களுக்கு. வேற தலகாணியில படுத்தா ரெண்டு நாளைக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டா ஆளே திரும்புவீங்க."

"இந்த ஸ்பூன்?"

"உங்களுக்கு. வெளி ஸ்பூன்ல சோப்பு வாசனை வருதும்பீங்க."

"தாழ்ப்பாள் எதுக்கு?"

"அதுவும் உங்களுக்குத்தான். விடுதிக் கதவை நம்பாம நாற்காலியை இழுத்துப் போட்டு அது மேல உக்காந்திருப்பீங்களே."

பட்டியல் நாற்பத்து மூன்றில் முடிந்தது. பெறுநர் வரிசையை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன். எனக்கு என்று பத்தொன்பது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு என்று பதினெட்டு. அவளுக்கு என்று ஆறு: உடுப்பு மூன்று, சீப்பு, மூக்குக்கண்ணாடி, பல் தேய்க்கும் பிரஷ்.

என் பெயர் இருந்த வரிகளை மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அத்தனை வருஷமும் அவள் சுமையை நான் தூக்குகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று மாடிக்கு நான் தூக்கியது என் தலையணையை, என் ஸ்பூனை, என் பயத்தை. வெட்கமாக இருந்தது. அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குள் இருந்த பொறுப்பாளர் முந்திக்கொண்டார்.

"சட்டம்னா சட்டம். உன் பையில உன்னோடது மட்டும் போகட்டும்."

"சரிங்க. உங்களோடது உங்க பையில. அப்போ மத்தவங்களோடது?"

"அவங்கவங்ககிட்ட இப்பவே குடுத்துடு."

"குடுக்கலாம். வீட்டிலேயே வெச்சுட்டு வருவாங்க. நடுவழியில வேன் நிக்கும். பொறுப்பாளர் யாருன்னு தேடுவாங்க."

பொறுப்பாளர் தன் பையைத் திறந்தார்.

புறப்படும் காலையில் வாசல் கதவுக் கம்பியில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டேன். வேன் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். வாத்தியார் பை ஏழரை. தையல்காரம்மா பை ஏழு. ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். அடுத்து என் மனைவி. தோளில் ஒரு பையும் கையில் ஒரு படிவமும். படிவத்தை அவளே கோடு போட்டு எழுதியிருந்தாள். பை மூன்றரை கிலோதான். ஆறு பொருளுக்குக் கீழே ஏழாவதாக ஒரு வரி இருந்தது.

"காலி இடம், நாலரை கிலோ. பெறுநர்: நான்."

"காலி இடத்தையெல்லாம் யாராவது எழுதுவாங்களா?"

"அப்புறம் விட்டுப்போச்சுன்னு நீங்க சொல்லக்கூடாது பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பிறகு என் பையைக் கொக்கியில் மாட்டினேன். கதவே ஒரு முறை முனகியது.

"பதிமூணு," என்றார் வாத்தியார். "அஞ்சு அதிகம்."

"எட்டுன்னு சொன்னது நீங்கதானே சார்?" என்றார் டிரைவர்.

பையை வாசலிலேயே திறந்தேன். முழங்கால் பட்டையை எடுத்து வெளியே வைத்தேன். "ஐயோ, அது எனக்கு!" என்றார் தையல்காரம்மா. கவரை எடுத்தேன். வாத்தியாரின் முகம் அப்போதே வெளுத்தது. எதைத் தொட்டாலும் ஒரு குரல் வந்தது. எந்தக் குரலும் வராத பொருள்கள் என்னுடையவை மட்டும்தான். தலையணை வெளியே போனது. ஸ்பூன் போனது. தாழ்ப்பாள் போனது. துண்டு, மாற்றுப் பேன்ட், கடைசியில் இரண்டு சட்டைகளும் போயின. முள் எட்டில் நின்றது. ஊர்ச் சாமான் முழுக்கப் பையில் இருந்தது. எனக்கென்று உடம்பில் இருந்த சட்டைதான் மிச்சம்.

மெல்ல மனைவி பக்கம் நகர்ந்தேன்.

"உன் பையில இடம் இருக்கில்ல?"

"இருக்குங்க."

"என் ரெண்டு சட்டையை மட்டும்..."

"அது எனக்கு வந்த இடமாச்சே. பெறுநர் தவிர வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்னீங்க. கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஏறினேன்.

அந்த மூன்று நாளும் என் பெயர் எனக்கு மறந்துபோனது. "பொறுப்பாளரே, கவர்!" "பொறுப்பாளரே, பட்டை!" "பொறுப்பாளரே, தலைவலி மாத்திரை!" ஓடும் வேனில் முன்னும் பின்னும் நடந்தே பாதி வழி போனேன். அவள் ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் வேனில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தூங்கவிட்டால்தானே!

மூன்றாம் நாள் மாலை ஒரு ஏரிக்கரையில் இறங்கினோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பை. ஒரு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாதபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்க்க நன்றாக இருந்தது. நான் இல்லாமலே அவ்வளவு நன்றாக இருந்ததில் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன வாங்கின?"

"ஒண்ணும் வாங்கல."

"அப்போ அந்த நாலரை கிலோ?"

"காலியாத்தான் இருக்கு."

"காலியாவா? என் ரெண்டு சட்டையும் அதுல தாராளமா வந்திருக்குமே!"

"வந்திருக்கும். பின்னாடியே தலகாணி வந்திருக்கும். ஸ்பூன் வந்திருக்கும். தாழ்ப்பாளும் வந்திருக்கும். நான் வந்திருப்பேனா?"

சட்டம் போட்டவன் நான். அது தந்த காலி இடத்தில் குடியிருந்தவள் அவள். வாசலில் இருந்து இதுவரைக்கும் வெறும் காற்றைச் சுமந்து வந்திருக்கிறாள், அதை வீட்டுக்கும் அப்படியே கொண்டுபோகப் போகிறாள் என்று புரிந்தது. இந்த முறை பொறுப்பாளரை முந்தவிடவில்லை.

"தப்பு என் மேலதான்," என்றேன். "இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியது போலிருந்தது. பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பெஞ்சில் எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள். மனம் நெகிழ்ந்துபோய், அவளை ஒட்டினாற்போல் உட்காரப் போனேன்.

"கொஞ்சம் தள்ளியே உக்காருங்க," என்றாள். "அது மூணு நாள் சட்டை."