நாக்கில் ஓர் ஆணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை.

கண்ணாடிமுன் நின்று நீட்டிப் பார்த்தான். நடுவில் மிளகளவு வெள்ளி ஆணி. சுற்றிலும் ஊறவைத்த பன் மாதிரி வீக்கம்.

"அண்ணா, அது நாக்கா, செருப்பா?" என்றாள் தங்கை.

"ஓஉம், ஓ!" என்றான். 'போதும், போ' என்று அர்த்தம்.

எல்லாம் ஒரு கொட்டாவியால் வந்த வினை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிற அவனும் போதகரின் மகளும் காதலர்கள். போன வாரம் அவள், "நீங்க ரொம்ப நல்லவருங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். அவனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. காதில் குத்தினால் ஊர் பார்க்கும். கையில் பச்சை குத்தினால் சபை பார்க்கும். நாக்கை யார் பார்க்கப்போகிறார்கள்? நேற்று போய்க் குத்திக்கொண்டு வந்துவிட்டான்.

போதகரோ சில வாரங்களாகவே மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். "உடம்பு ஆலயம்! ஆலயச் சுவர்ல ஆணி அடிக்கிறவனுக்கு என் பொண்ணைக் கொடுப்பேனா?"

இன்று ஆராதனை முடிவில் அவர் இவர்களுடைய கல்யாணத்தை அறிவிப்பதாக ஏற்பாடு.

ஐஸ் வைத்தால் வீக்கம் வற்றும் என்றாள் தங்கை. வைத்தான். வீக்கம் அப்படியே இருக்க, நாக்கு மரத்துப்போய் எச்சில் ஒழுகத் தொடங்கியது. எச்சிலை மறைக்க மஃப்ளர் சுற்றிக்கொண்டான். ஆலய வாசலில் மஃப்ளரைப் பார்த்த போதகருக்கு, "தொண்டை கட்டிடுச்சு, ஐயா" என்று தங்கை பதில் சொன்னாள்.

"அடடா! மாப்பிள்ளைக்கா? மேடைக்கு வாங்க. சபையே ஜெபிக்கட்டும்!"

தேள் கொட்டிய திருடனைப்போல அவன் மேடையில் நின்றான். போதகர் அவன் தொண்டையில் கை வைத்தார். "வாயை நல்லாத் திறங்க!"

"ஐஆ, ஏஆம்! ஆய் ஒஅக்க ஏஆம்!"

முன்வரிசை எழுந்து நின்றது.

"அந்நிய பாஷை!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

போதகர் மண்டியிட்டார். அந்தச் சபையில் ஒருவர் ஆவி நிறைந்து யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசினால் இன்னொருவர் அர்த்தம் சொல்லியாக வேண்டும். சொல்பவர் எப்போதும் தபால் அலுவலகத்து அத்தைதான். தபால்தலை ஒட்டுவதைப்போலவே எதையும் இரண்டு தட்டுத் தட்டி முடித்துவிடுகிற மனுஷி. எழுந்து வந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இனி மறைத்துப் பயனில்லை. அவன் அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினான். "ஆக்குல ஆஈ உத்திஏன்! அன்இச்சுஉங்க!"

"நாவை அடக்கிக்கொள் என்கிறார்!" என்று அத்தை கூவினார். "பிறரைக் குற்றம் சொல்லாதே, மன்னித்துவிடு என்கிறார்!"

"அல்லேலூயா!"

"ஈட்டுக்கு ஓஏன்! ஆளை இடுங்க!"

"ஒரு வீடு கட்டப்படப்போகிறது, நாளைக் கடத்தாதே என்கிறார்!"

போதகர் கண்ணீரோடு மகளை மேடைக்கு அழைத்தார். அடுத்த மாதமே கல்யாணம் என்றார். அவளோ வாயைப் பிளந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அது கொட்டாவி இல்லை.

கூட்டம் கலைந்தபின், படியில் தனியாக உட்கார்ந்திருந்த அவன் பக்கத்தில் அத்தை வந்து குனிந்தார்.

"உப்புத் தண்ணியில வாய் கொப்பளிப்பா, வீக்கம் வத்திடும். நாக்குல குத்தின புதுசுல எனக்கும் பாஷை இப்படித்தான் வந்துச்சு."