மெத்தைக் கடையில் யாரும் தூங்கக் கூடாது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பாப்பா மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று மட்டும் கேட்டுவிடாதே. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, பாப்பா ராத்திரி தூங்காமல் படுத்துகிறாள் என்று புலம்பியதற்கு, "பகல்ல தூங்க விடாதடா, ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா"ன்னு சொன்னியே! மூணு பெத்தவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் தலையாட்டினேன். நம்ம பாப்பாவை உனக்குத் தெரியும். எறும்பு வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுகிற பிள்ளை. குழந்தைகள் காப்பகத்தில் குழாய் உடைந்து லீவு விட்டுவிட்டார்கள் என்று, நான் வேலை பார்க்கும் மெத்தைக் கடைக்கே கூட்டிவந்தேன். மத்தியானம் சாப்பிட்டதும் அவளுக்குக் கண் சொருகியது. விடுவேனா? முகத்தில் தண்ணீர் தெளித்தேன், கைதட்டினேன், இந்த வயதில் குட்டிக்கரணம்கூடப் போட்டேன். தூக்கம் போச்சு. கூடவே நம்ம பாப்பாவும் போயிட்டா!

ஐயோ, அதற்கப்புறம் நின்றது யார் பெற்ற பிள்ளையோ! தண்ணீர் கொடுத்தால், "இந்தத் தண்ணி இல்ல, அந்தத் தண்ணி"ன்னு அழுகை. செருப்பைப் போட்டால் கழற்று, கழற்றினால் போடு. அந்த நேரம் பார்த்து ஒரு புது ஜோடி மெத்தை வாங்க வந்தது. இருப்பதிலேயே விலை கூடியதைத் தட்டிக் காட்டி, "சார், இதுல படுத்தா குழந்தை மாதிரி தூங்குவீங்க"ன்னு நான் சொல்லி வாய் மூடல, பாப்பா அதன்மேல் ஏறி நின்னு, "தூங்கக் கூடாது! யாரும் தூங்கக் கூடாது! தூங்கினா அப்பா மூஞ்சில தண்ணி ஊத்துவாரு!"ன்னு கத்தினா பாரு, அந்தப் பெண் புருஷனை இழுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். முதலாளி ஓடிவந்து, "செல்லம், மாமாகிட்ட வா"ன்னு கையை நீட்டினார்.

கடிச்சுட்டா அக்கா! நம்ம பாப்பா! முதலாளியை! கடித்தவள் அதே மெத்தையில் பொத்தென்று விழுந்து தூங்கியும்விட்டாள். "உன்னை வேலையில வச்சுக்கிறதா வேணாமான்னு வந்து சொல்றேன்"னு அவர் மருந்து போடப் போயிருக்கிறார். நான் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இனிமேல் நீ எனக்கு எந்த யோசனையும் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாயே, அதுவும் வேண்டாம். அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், அவர்களையாவது பகலில் தூங்க விடு.

இப்படிக்கு,
வேலை இருக்கிறதா என்றே தெரியாத உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. வாசலில் நின்ற ஜோடி, வாயைப் பிளந்து தூங்கும் பாப்பாவைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இவ்வளவு ஆட்டம் போட்ட புள்ளையே இப்படித் தூங்குதே, இதையே குடுங்க"ன்னு வாங்கிட்டாங்க! பாப்பா எழுந்ததும் பழைய பாப்பாவாகி, முதலாளியின் கட்டுப்போட்ட விரலை ஊதிவிட்டு, "பாவம் மாமா, யாரு கடிச்சா?"ன்னு கேட்கிறாள். மனுஷன் உருகிட்டார். "நாளைக்கும் கூட்டிட்டு வா, ஆனா வீட்டுல தூங்க வச்சிடாத. இங்க வந்து தூங்கட்டும்"னு சொல்லிட்டார். தூங்க விடாமல் பார்த்துக்கொள்ள அனுபவசாலி வேண்டும், நீ உடனே கிளம்பி வா. முதலாளி கையுறை வாங்கப் போயிருக்கிறார்.