பாலத்தில் திரும்பி ஓடிய மூன்று விநாடி

மேன்மை தங்கிய ‘திரைமுனை’ மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

பூசான் நகரம், யோங்தோ தீவிலிருந்து ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர் தோ பில்ஹோ தலைவணங்கி எழுதிக்கொள்வது. குளிர் விலகிச் செர்ரி மொட்டுகள் தலைகாட்டும் இந்நாளில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அலுவலகத்தில் அச்சுப்பிழை பார்ப்பவர் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என் மூட்டு வலியும் என் மகள் கல்யாணமும் தவிர மற்றதெல்லாம் சுகம்.

கல்யாணத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். உங்கள் இதழில் சினிமா விமர்சனம் எழுதும் தக் இன்கியு என்ற இளைஞர், ‘இனி எழுத மாட்டேன்’ என்று உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருப்பார். தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏற்றுக்கொண்டால் அவர் கல்யாணமும் வேண்டாம் என்பார், என் ஒரே மகள் செயொன் ஆயுசுக்கும் என்னோடு பேச மாட்டாள். காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு சாப்பாட்டு டப்பா.

ஒரு கோடிப் பேர் பார்த்த ‘பெருவாய்’ படத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலிலிருந்து ஒரு மிருகம் ஏறி வந்து எங்கள் பாலத்தைக் கடித்துத் தின்னும் படம். அதில் ஓடுகிற கூட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஆள் சும்மா வீட்டில் இருந்தால் மனைவிக்கு ஆகாது என்று என் மனைவி மல்சுன் என் பெயரைக் கொடுத்தாள், நான் தனியாகப் போனால் யாரோடாவது சண்டை போடுவேன் என்று அவள் பெயரையும் கொடுத்துக்கொண்டாள். மிருகம் எங்கே என்று கேட்டேன். ஒல்லியான ஒருவன் நீளக் கழியில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். அதுதான் மிருகமாம், மீதியைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளுமாம். உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில், “கத்திக்கிட்டே ஓடுங்க, யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது” என்றான். ஆறு தடவை ஓடினோம். ஏழாவது தடவை நான் நின்றேன், திரும்பினேன், கூட்டத்தை இடித்துக்கொண்டு பச்சைத் துணியைப் பார்த்து ஓடினேன். “யாருய்யா அந்தப் பெரியவரு, பஸ்ஸ விட்டுட்டாரா?” என்று ஒலிபெருக்கி கேட்டது. ஆனால் கடைசியில் படத்தில் வைத்தது அந்த ஏழாவது ஓட்டத்தைத்தான். இடுப்புக்கு மேலே தெரிகிறேன், மூன்று விநாடி.

அந்த மூன்று விநாடிக்குத் தங்கள் இதழில் ஆறு பக்கம் வந்தது. ‘அந்த முதியவர் மிருகத்தை நோக்கி ஓடவில்லை. முன்னேற்றத்தின் வேகத்தில் நாம் கைவிட்டு வந்த நூற்றாண்டை நோக்கி ஓடுகிறார்’ என்று எழுதியிருந்தது. மல்சுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “செயொன் அப்பா, இது உங்களப் பத்தித்தான்” என்றாள். “நான் எந்த நூற்றாண்டையும் எங்கயும் விட்டுட்டு வரல” என்றேன். எழுதியவர் பெயரை நான் பார்க்கவில்லை. முப்பத்துநான்கு வருஷம் பஸ் ஓட்டியவன், தடம் எண்ணைப் பார்ப்பேனே தவிர அடியில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படிக்கிற வழக்கம் இல்லை.

என் மகள் பார்த்திருக்கிறாள். சியோலில் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், படம் முடிந்ததும் விமர்சகர் மேடையில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லும் கூட்டம் ஒன்றுக்குப் போயிருக்கிறாள், ‘அது எங்க அப்பா’ என்று சொல்லிச் சிரிப்பதற்காக. அங்கே அந்தப் பையன் என் முதுகைப் பற்றிப் பேசும்போது கண்கலங்கினானாம். இவளுக்குச் சொல்ல மனசு வரவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, சேர்ந்து காபி குடித்த அன்றைக்கும் சொல்லவில்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவன் கேட்ட அன்றைக்கும் சொல்லவில்லை. எங்களிடம் “எழுதுற வேலைப்பா” என்று மட்டும் சொன்னாள். நான் வட்டார அலுவலகத்தில் எழுத்தர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்படியாக இரண்டு குடும்பமும் முதல் தடவையாகச் சந்திக்கும் விருந்து வந்தது. தங்களுக்கே தெரியும், அந்த விருந்தில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. பையனின் அப்பா தக் ஐயா கணக்கு வாத்தியாராக இருந்தவர். மகன் சினிமா பார்த்து எழுதுவதை ஒரு வேலையாகவே அவர் ஒத்துக்கொள்வதில்லை. குட்டை மேஜையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்ததும் பையன் எனக்குத் தலைவணங்கி நிமிர்ந்தான். நான் தண்ணீர்க் குவளைக்காகப் பக்கவாட்டில் திரும்பினேன். அவன் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

“ஐயா, நீங்க அந்தப் பாலத்துல…”

“ஆமா, அது நான்தான்” என்றேன். செயொன் மேஜைக்கு அடியில் போய்விடுவாள் போல இருந்தது.

பையன் முழங்காலில் நகர்ந்து என் பக்கத்திலேயே வந்துவிட்டான். “ஐயா, அன்னிக்கு என்ன நெனச்சு திரும்புனீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மல்சுன் மட்டும் தலையை நிமிர்த்தாமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பாட்டு டப்பா” என்றேன். “கடற்பாசியில சோத்தச் சுருட்டுன கிம்பாப், ஆறு உருளை. கைப்பிடிச் சுவரோரம் மறந்து வெச்சுட்டேன். கடற்காக்கா தூக்கிட்டுப் போயிடும்ல.”

தக் ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள். “ஒரு டப்பா கிம்பாபுக்கா ஆறு பக்கம்? நான் பரீட்சையில முட்டை போட்ட பசங்ககூட இவ்வளவு எழுதுனதில்லடா” என்று மேஜையைத் தட்டினார். பையன் முகம் உப்பில் ஊறவைத்த முட்டைக்கோஸ் மாதிரி துவண்டுவிட்டது. மறுநாளே, ‘அர்த்தமே இல்லாத இடத்தில் அர்த்தம் பார்த்துவிட்டேன், எனக்கு அருகதை இல்லை’ என்று உங்களுக்கு எழுதிவிட்டு, அப்பாவின் நண்பர் நடத்தும் டியூஷன் நிலையத்தில் சேரப் போகிறானாம். கல்யாண மண்டபத்துக்குத் தேதி சொல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செயொன் தொலைபேசியில், “நூற்றாண்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் சுட்டுடுமாப்பா?” என்று கேட்டு வைத்தவள்தான், பிறகு எடுக்கவேயில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல், பழைய டிப்போ ஆட்களைக் கூட்டிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன். படம் எடுத்த ஊர் என்பதால் எங்கள் பகுதியில் காலைக் காட்சி மட்டும் இன்னும் ஓடுகிறது. (மல்சுனையும் கூப்பிட்டேன். பொதுக் குளியல் இல்லத்துக்குப் போகணும் என்றாள். இப்போதெல்லாம் காலையில் அடிக்கடி போகிறாள், தலை காய்ந்தபடியே திரும்பி வருகிறாள், ஏதோ புது வகைக் குளியல் போல.) படம் முடிந்து வெளியே வந்ததும், அவர்களில் போங் என்பவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டேய், அது மிருகம் இல்லடா, நம்ம டிப்போ மேனேஜர். எல்லாரையும் முழுங்கிட்டு ஏப்பம்கூட விடல பாத்தியா?” என்றான். பக்கத்தில் நின்ற சலவைக் கடைக்கார அம்மாள், “மேனேஜராவது ஒண்ணாவது, அது எங்க மாமியார்” என்றாள். இரண்டு பேரும் ஐஸ் காபி உருகும்வரை சண்டை போட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. முப்பத்துநான்கு வருஷம் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்தவன் நான். மணியை அடித்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால், வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். அவன் வெறுமனே தூங்கியிருக்கலாம். ஆனாலும் நான் நினைத்தது பொய்யா? அடுத்த நிறுத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றேனே, அது நிஜம்தானே? இன்கியுவும் அதைத்தானே செய்திருக்கிறார்? நான் திரும்பியது டப்பாவுக்காகவே இருக்கட்டும், அதைப் பார்த்து ஒரு கோடிப் பேரில் ஒருவன் அழுதான் என்றால் அவன் கண்ணில் என்ன குறை? ஆகவே அவர் கட்டுரை சரி, என் டப்பாவும் சரி, இரண்டும் ஒரே பாலத்தில் போகலாம் என்று நீங்கள் நாலு வரி எழுதி, அவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இதழ் நூறு ஆண்டு தழைக்கட்டும். தங்கள் வீட்டுக் கல்யாணங்கள் தடையில்லாமல் நடக்கட்டும்.

பணிவுடன்,
தோ பில்ஹோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மல்சுன் வாங்கிப் படித்துவிட்டாள்.

“டப்பா எங்க இருந்துச்சு?” என்றாள்.

“அதான் எழுதியிருக்கேனே, கைப்பிடிச் சுவரோரம்.”

“செயொன் அப்பா, டப்பா உங்க கையில இருந்துச்சு. நீங்க திரும்பி ஓடி வந்து என் கையப் பிடிச்சு இழுத்தப்ப அதுதான் என் முழங்கால்ல இடிச்சுது.”

“அது என்னைக்கோ நடந்தது, உனக்கு என்ன ஞாபகம்?”

“இடி வாங்குனது நான். அதுவும் இல்லாம, படத்தப் பதினோரு தடவை பாத்தாச்சு” என்று சொல்லிவிட்டு, நனையாத துண்டை மடித்து அலமாரியில் வைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆண்பிள்ளை வீட்டுக்கு வந்தால், ‘பிள்ளைங்க எங்க? சோறு போடு. படுக்கலாம்’ என்று மூன்று பேச்சுக்கு மேல் பேச மாட்டான் என்று நாடே கேலி செய்கிறது. அப்படிப்பட்டவன் புது சம்பந்தி முன்னால், மீன் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஏழாவது ஓட்டத்தில் பக்கத்தில் பார்த்தேன், இவள் இல்லை. மூட்டு பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றுவிட்டிருந்தாள். வந்தது பச்சைத் துணிதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பயந்துவிட்டேன் ஐயா, நிஜமாகவே பயந்துவிட்டேன்.

ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு, இதை மட்டும் அடுத்த இதழில் ஒரு மூலையில் போடவும். தக் ஐயா, தன் மகனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு இதழும் வாங்குவதாகக் கேள்வி, அவர் கண்ணில் படட்டும்.

திருத்தம்: ‘பெருவாய்’ பற்றிய தக் இன்கியுவின் கட்டுரையில் பிழை ஏதும் இல்லை. ‘நூற்றாண்டு’ என்று வரும் இடங்களில் மட்டும் ‘மல்சுன்’ என்று வாசிக்கவும்.