ஆபீசர் ஏலம் போன கதை

திருவனந்தபுரம்,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, சாலை பஜாரில் ஆணியும் கீலும் விற்றுப் பிழைக்கும் உங்கள் மச்சினன் செல்வின் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஜெபமலரும் பிள்ளைகளும் சுகம். மார்த்தாண்டத்தில் நீங்களும் என் அக்கா ஞானபாயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. அதை விவரமாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஓணம் லீவுக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது, "பஸ்கா பண்டிகைக்கு ஆட்டுக்குட்டியை எதுக்குடே அறுத்தாங்க?" என்று என் மகன் ஜெயந்திடம் கேட்டீர்கள். அவன் "பிரியாணிக்கு" என்றான். நீங்கள் சிரிக்கவில்லை. "ஞாயிறு பள்ளிக்கூடத்தையே நம்பி இருக்காதே செல்வின். பாவம்னா என்ன, பலின்னா என்னன்னு வீட்டுலயே சொல்லிக் குடு" என்று உத்தரவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். அகப்பட்டுக்கொண்டவன் நான்.

மறுநாளே மாலை ஜெபம் முடிந்ததும் பாவத்தில் ஆரம்பித்தேன். செய்த தப்பை மறைக்காமல் அறிக்கை செய்ய வேண்டும் என்றேன். ஜெயந்த் உடனே எழுந்து நின்று அறிக்கை செய்தான். ஆனால் அவன் தப்பை அல்ல, என்னுடையதை. "அப்பா சனிக்கிழமை தோறும் தட்டுக்கடையில பரோட்டாவும் பீஃபும் தின்னுட்டு, வீட்டுல வந்து பசிக்கல்லன்னு சொல்லுவாரு. எனக்கும் ஒரு பரோட்டா வாங்கித் தந்து, அம்மைகிட்ட மிண்டாதேன்னாரு." அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி எனக்கென்று ஜெபமலர் அரிசி போடுவதில்லை.

சரி, பலிக்குப் போவோம் என்று நினைத்தேன். குற்றமே செய்யாத ஒருவர் குற்றம் செய்தவர்களுக்காகத் தண்டனையைச் சுமந்தார் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் அத்தான், ஜெபமலர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் சாயந்திரம் என் மகள் லிபி பந்தடித்து வீட்டுச் சொந்தக்காரி சரசம்மாவின் ஆந்தூரியம் பூச்சட்டியை உடைத்துவிட்டாள். போய் மன்னிப்புக் கேள் மக்கா என்றால், "தப்பு செய்தது நான். அப்பா ஒண்ணும் செய்யல்லல்லோ? அப்ப அப்பாதானே போணும்?" என்கிறாள். ஜெயந்த் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். "எந்தா செல்வினே, பிள்ளேரெ வளர்த்தான் அறிஞ்ஞூடே?" பிள்ளை வளர்க்கத் தெரியாதா என்று சரசம்மா மலையாளத்தில் தொடங்கியது தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் தலைகுனிந்து நின்றதை இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனில் "ஆபிரகாம் வரைக்கும் வந்தாச்சா?" என்று கேட்டீர்களே! பெற்ற மகனையே பலியிடத் துணிந்த ஆபிரகாமின் கதையைச் சொல்லி, நமக்கு மிகப் பிரியமானதை ஆண்டவருக்குக் கொடுப்பதுதான் பலி என்று சொல்லிக் கொடுத்தேன். அறுப்பின் பண்டிகை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வாழைக்குலை, பூசணி, கோழி என்று ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவருவதெல்லாம் ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் போவது உங்களுக்குத் தெரியாததா. லிபி அவளுடைய பென்சில் பெட்டியைக் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக யோசித்து, "ஆபீசரைக் குடுக்கேன்" என்றாள்.

ஆபீசர் எங்கள் சேவல். கிழக்கேகோட்டையில் பச்சைச் சாயம் தோய்த்து விற்ற குஞ்சை லிபிதான் வாங்கி வளர்த்தாள். சாயம் போய் வளர்ந்ததும் அதற்கு வில்லேஜ் ஆபீசரின் நடை வந்துவிட்டது. காலையில் நான் பேப்பர் படிக்கும்போது தோளில் ஏறி உட்கார்ந்து அதுவும் படிக்கும். ஏலத்தில் எடுக்கிறவர்கள் அதை வளர்க்கவா எடுப்பார்கள்? அன்றைக்கே குழம்புதான். "பென்சில் பெட்டி போதும் மக்கா, ஆண்டவர் மனசைத்தான் பாப்பாரு" என்று கெஞ்சினேன். "ஆபிரகாம்கிட்ட பென்சில் பெட்டி போதும்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

இன்று காலை கோயிலில் பாஸ்டர் நீண்ட ஜெபம் செய்யும்போது ஆபீசர் கூவினார். இரண்டாம் முறை கூவியபோது முன்வரிசைக்காரர், "இது உங்க சேவலா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை கூவியதும், சேவல் கூவுவதற்குள் ஆண்டவரையே தெரியாது என்று சொன்ன சீஷனின் ஞாபகம் வந்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஏலம் ஆரம்பித்தது. லிபி அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கையைத் தூக்கினேன். மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு வாலிபன் மட்டும் காதில் போனை வைத்துக்கொண்டு, வெளியூரில் இருக்கும் யாருக்காகவோ கேட்டுக்கொண்டே போனான். நான் ஏற்ற, அவன் ஏற்ற, ஒரு சேவலுக்கு ஆட்டின் விலை வந்துவிட்டது. என் சட்டைப்பை காலி. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயந்த் ஓடிவந்து ஜெபமலரின் பர்ஸை என் கையில் திணித்தான். அவள் மிக்ஸி வாங்கச் சேர்த்த பணம் அத்தான். இன்னும் ஒரு தடவை ஏற்றினேன். போன்காரன் திடீரென்று அடங்கிவிட்டான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் லிபி கேட்டாள்: "ஆபீசர் நம்மளோடதுதானே அப்பா? பின்ன எதுக்கு விலை குடுத்து வாங்கினீங்க?" மடியில் சேவலை வைத்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். மீட்பு, மீட்பு என்று இருபது வருஷமாக நீங்கள் பிரசங்கம் செய்ததை நான் இன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

ஆகையால் வீட்டுப் பாடம் இத்துடன் முடிந்தது. இனி ஜெபமலர் அம்மியில் அரைப்பாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவேன். பிள்ளையின் சேவலைக் குழம்பு வைக்கத் துடித்த அந்த முகம் தெரியாத வயிற்றுமாரியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவனுக்கு நல்ல புத்தி வர, முடிந்தால் நல்ல வயிற்றுப்போக்கும் வர, நீங்கள் ஜெபிக்க வேண்டும். அக்காவுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மச்சினன்
செல்வின்

பி.கு.: கடிதத்தை வீட்டில் உரக்க வாசித்தேன். லிபி குறுக்கிட்டு, "அந்த வயிற்றுமாரி மார்த்தாண்டம் மாமாதான்" என்றாள். ஆபீசரை எப்படியாவது ஏலத்தில் எடுத்துத் தரச் சொல்லி நேற்றே உங்களுக்குப் போன் செய்தாளாமே! "குடுக்கேன்னு சொன்னேன், குடுத்தாச்சு. மாமா வாங்கக்கூடாதுன்னு ஆண்டவர் சொல்லல்லயே" என்கிறாள். விலை ஏறுவதைக் கேட்டு அக்கா உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டதாக லிபியிடம் சொன்னாளாம்; இல்லாவிட்டால் நான் வேட்டியையும் ஏலத்தில் விட்டிருப்பேன். மேலே எழுதியதற்கெல்லாம் மன்னிக்கவும், வயிற்றுப்போக்கு ஜெபத்தை உடனே நிறுத்தவும். ஆனால் மிக்ஸி பணம் போனதற்கு யாருக்காவது தண்டனை உண்டா என்று ஜெபமலர் கேட்கிறாள். குற்றம் உங்களுடையது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். தண்டனைக்கு ஜெயந்த் என்னைக் கைகாட்டுகிறான்.