முள்ளங்கிக்குப் பிடித்த பயம்

தைவானில், எங்கள் ஜியாயி நகரத்தில் காலை ஏழு மணிக்கே கூட்டம் அலைமோதுகிற இடம் இரண்டு. ஒன்று, வான்கோழிச் சோற்றுக் கடை. அங்கே போனால் வயிறாவது நிறையும். இன்னொன்று, அரிசித் தாயார் வீடு.

தாயார் வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம். ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, நடுவில் தூக்கம் கெட்ட ஒரு தாய். எல்லார் கையிலும் பிள்ளையின் சட்டை ஒன்று, பணம் வைத்த சிவப்பு உறை ஒன்று. சட்டை திரும்பி வரும். உறை வராது.

பிள்ளை வீரிட்டு அழுதால், சாப்பிடாமல் முரண்டு பிடித்தால், எங்கள் ஊரில் "பயம் பிடிச்சிருக்கு" என்பார்கள். பயத்தை அரிசியில் பார்ப்பார்கள். கோப்பை நிறைய அரிசி கொட்டி, வழித்துச் சமமாக்கி, பிள்ளையின் சட்டையால் இறுகச் சுற்றி, மந்திரம் சொல்லி ஆட்டுவார்கள். பிரித்தால் அரிசியில் ஒரு பள்ளம் இருக்கும். பயம் தின்ற இடமாம் அது. பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்துப் பிள்ளையைப் பயமுறுத்தியது எது என்று சொல்லிவிடலாமாம். ஊரில் ஓசியில் செய்து வந்த வேலை. தாயார் அதற்குத் திரைச்சீலை மாட்டி, வரிசைச் சீட்டு கொடுத்து, கடை விரித்தாள். முன்பு அதே இடத்தில் கைப்பேசி விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் அவள். கைப்பேசி பழுதானால் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். பேயை யார் திருப்பிக் கொண்டுவரப் போகிறார்கள்?

சுவர் முழுக்கப் புகைப்படங்கள். அழுகையை நிறுத்திய குழந்தைகளாம். ஒரு மாதம் பொறுத்தால் எந்தக் குழந்தையும் ஓர் அழுகையை நிறுத்திவிட்டு வேறோர் அழுகையை ஆரம்பிக்கும். பல் முளைத்த புண்ணியத்தை அவள் தன் பேரில் எழுதிக்கொண்டாள்.

சிரிக்கிறேனே தவிர, அந்த வரிசையில் நானும் நின்றேன். மறைக்க மாட்டேன்.

என் மகள் லேலேவுக்கு ஒன்றே முக்கால் வயது. துளை என்று ஒன்று இருந்தால் அதற்குள் எதையாவது நுழைப்பது அவள் தொழில். தொலைக்காட்சி ரிமோட் அரிசிப் பானைக்குள். வீட்டுச் சாவி துணி துவைக்கும் இயந்திரத்துக்குள். என் அலுவலக முத்திரை சூப்புக்குள். புருஷன் தாய்பேயில் வேலை. சனி, ஞாயிறில் மட்டும் அப்பா. நான் தண்ணீர் அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் லேலேவைப் பார்த்துக்கொள்வது புருஷனின் அக்கா, பெய்ச்சுன் அண்ணி. கீழ்த்தளத்தில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். தலை அலச வருகிறவர்களுக்குப் பச்சைப்பயறு கஞ்சி இலவசம். ஊர்வம்பும் இலவசம்.

அந்த வாரம் லேலே சாப்பிடவில்லை. மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். தூங்கவில்லை, எங்களையும் விடவில்லை.

"பொண்ணே, எதுக்கெடுத்தாலும் டாக்டர் டாக்டர்னு ஓடாதே" என்றாள் அண்ணி. "உன் புருஷனுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் வந்துது. அரிசி பாத்துதான் சரியாச்சு."

"அவருக்குச் சரியாச்சான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான் அண்ணி."

"வாய்! படிச்ச வாய்!"

நான்கு நாள் தூங்காதவளிடம் யார் எதைச் சொன்னாலும் எடுபடும். போனேன்.

உள்ளே தேநீர் மேசை. அங்கே ரோங் என்று ஒரு சீடப்பெண் சட்டையை வாங்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, கதை கேட்பாள். "எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க? நாய் ஏதாவது? சாவு வீடு?" அண்ணி ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ரோங் கோப்பையைச் சட்டையால் சுற்றிச் சிவப்பு நூலால் கட்டித் திரைக்குள் கொண்டுபோனாள். முறை வந்ததும் திரை விலக, தாயார் எல்லார் முன்னாலும் ஆட்டினாள், பிரித்தாள், கண்ணை மூடினாள்.

"நாலு கால்... கறுப்பு... நாய் தெரியுது."

"ஐயோ, ஆமா தாயாரே!" என்று அண்ணி கன்னத்தில் கை வைத்தாள். எங்கள் தெருவில் நாயைப் பார்க்காத பிள்ளை ஒன்று இருந்தால் அதைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"ஏழு தடவை வரணும். அதுவரைக்கும் பிள்ளை மேல இரும்பு படக்கூடாது. ஊசி, கத்தரி, டாக்டர் கருவி, எதுவும். பட்டுதோ, பயம் எலும்புல இறங்கிடும்."

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! குட்டை உடைக்கக்கூடிய ஒரே ஆளின் வாசலையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணியோ அன்றைக்கே கடையைச் சாத்தினாள். அவள் பிழைப்பே கத்தரிக்கோல். ஏழு நாள் வருமானம் போனால் போகட்டும், பிள்ளை பக்கத்தில் இரும்பு வேண்டாம் என்றாள். அண்ணியை நான் கேலி செய்யலாம். அவள் அன்பைக் கேலி செய்ய முடியாது. தாயார் போட்ட முதலே அந்த அன்புதான்.

மூன்று நாள் அரிசி ஆட்டியாயிற்று. லேலேவின் மூக்கிலிருந்து மஞ்சளாக வடிந்தது. முத்தம் கொடுக்கக் குனிந்தால் அழுகல் நாற்றம்.

"நாத்தமா? அப்போ நாய் மட்டும் இல்ல, செத்தது எதுவோ கூட வந்திருக்கு" என்றாள் ரோங். "இன்னும் மூணு தடவை கூட்டணும்."

அன்று மாலை மூக்கைத் துடைத்துவிடும்போதுதான் கவனித்தேன். வடிவது இடது மூக்கில் மட்டும். வலது மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது.

"அண்ணி, இங்க வாங்க. பேய்க்கு ஒரு மூக்கு போதுமா? இடது பக்கம் மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கா?"

"வாயைக் கழுவு!"

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினேன். அண்ணி வாசலில் குறுக்கே நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"இரும்பு பட்டு அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ தாங்குவியா? நான் தாங்க மாட்டேன்டி."

என்னைப் பார்த்து யாராவது கத்தினால் திருப்பிக் கத்துவேன். இது கத்தல் இல்லை. மாட்டிய செருப்பைக் கழற்றினேன். ஒருவேளை, ஒருவேளை ஆகிவிட்டால்? அந்த 'ஒருவேளை'தான் தாயார் விற்கிற சரக்கு.

"சரி அண்ணி" என்றேன். "டாக்டர் கடை திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள உங்க தாயாருக்கு ஒரே ஒரு பரீட்சை. ஜெயிச்சா மிச்ச தடவையும் நானே தூக்கிட்டு வரேன், வாயே திறக்க மாட்டேன். தோத்தா அங்கிருந்து நேரா டாக்டர்."

"ஜெயிப்பாங்க. உன் மூஞ்சியில கரி பூசுவாங்க, பாரு."

"பூசட்டும். அந்த முள்ளங்கியை எடுங்க."

சமையலறையில் லேலேவின் தொடை பருமனுக்கு ஒரு வெள்ளை முள்ளங்கி இருந்தது. லேலே இன்னும் போடாத புதுச் சட்டை ஒன்றை அண்ணி கையாலேயே அதற்கு மாட்டச் சொன்னேன். அப்புறம் நான் மாற்றிவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது. முள்ளங்கி அழவில்லை, உதைக்கவில்லை. லேலேவைவிட ஒழுங்காகச் சட்டை போட்டுக்கொண்டது. தாயார் வீட்டுத் தெருமுனையில் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முள்ளங்கியைப் பைக்குள் போட்டேன்.

"இன்னைக்கு இது சொந்தக்காரங்க பிள்ளை சட்டை" என்றேன் ரோங்கிடம்.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"அசையாம கிடக்கு. பேச்சு இல்ல. இன்னும் நடக்கல."

"அடப் பாவமே! நாய் ஏதாவது பார்த்துதா?"

"நாய் இல்ல. வாத்து. பக்கத்து வீட்டு வாத்து."

அண்ணி லேலேவைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை முறைத்தாள். நான் நூலைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் அவசரப் புகாருக்கு ஒரு மாதிரி, சாதாரணப் புகாருக்கு ஒரு மாதிரி நூல் கட்டி உள்ளே அனுப்புவோம். மேலதிகாரி படிக்கவே வேண்டாம், நூலைப் பார்த்தால் போதும். அதனால் முடிச்சை எண்ணுவது எனக்குப் பழக்கம். மூன்று நாளாக எண்ணியிருந்தேன். நாய் என்றவர்களுக்கு ஒரு முடிச்சு. சாவு வீடு என்றவர்களுக்கு மூன்று. வாத்துக்கு ரோங் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

தாயார் கோப்பையை ஆட்டினாள். பிரித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"சிறகு தெரியுது. பறக்கிற சாதி. பிள்ளையைக் கொத்த வந்திருக்கு."

கூட்டம் "அம்மாடி!" என்றது. அண்ணியின் முகம் மட்டும் இறுகியது.

"அப்புறம் தாயாரே?" என்றேன்.

"பிள்ளை ஓடியிருக்கு."

"ஓடுச்சா!"

"தலைதெறிக்க ஓடியிருக்கு. விழுந்திருக்கு. வலது முழங்கால்ல அடி. அந்த அடி வழியாத்தான் பயம் உள்ள போயிருக்கு."

நான் பையிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் மேசைமேல் படுக்க வைத்தேன்.

"இதுதான் அந்தப் பிள்ளை. வலது முழங்கால் எதுன்னு காட்டுங்க, மருந்து போடுறேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி.

தாயார் அசரவில்லை. விற்பனை அனுபவம் சும்மாவா? "முள்ளங்கிக்கும் உயிர் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும் தாயாரே. முழங்கால் இருக்கா?"

"ரோங்! இவளை வெளிய அனுப்பு!"

"அந்த நூலை முதல்ல எல்லாருக்கும் காட்டச் சொல்லுங்க. ஒரு முடிச்சு நாய், ரெண்டு முடிச்சு பறவை, மூணு முடிச்சு பிணம். அக்காங்களே, உள்ள வரிசையா இருக்கிற உங்க கோப்பை எல்லாத்தையும் நீங்களே பாருங்க!"

தாய்மார்கள் பார்த்தார்கள். எண்ணினார்கள். முகங்கள் மாறின. ஆனாலும் கூட்டத்தில் இருந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் விடவில்லை. அவர் பேரனுக்கு ஆறாவது தடவை.

"முடிச்சு கிடக்கட்டும்மா. பள்ளம்? அரிசி நிஜமாவே குறையுதே! யாரு தின்னது?"

நல்ல கேள்வி. அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்கப்பட்ட முதல் கேள்வி.

"அண்ணே, உங்க கழுத்துத் துண்டைக் குடுங்க. கோப்பையில நீங்களே அரிசி கொட்டுங்க. வழிச்சு விடுங்க. சுத்துங்க. ஆட்டுங்க."

"எனக்கு மந்திரம் தெரியாதே!"

பின்னாலிருந்து காய்கறி விற்கிற மெய்ரூ அக்கா குரல் கொடுத்தாள். "நான் சொல்றேன்! முட்டைக்கோஸ் நாப்பது, கேரட்டு முப்பது, கத்திரிக்கா ஐம்பது, பேரம் பேசினா அடி உதை!" மூன்று சுற்றுச் சொன்னாள். ஓட்டுநரும் பக்தியோடுதான் ஆட்டினார். துண்டைப் பிரித்தார்.

பள்ளம்.

"அட, என் துண்டுக்கும் பயம் பிடிச்சிருக்கு!" என்றார்.

"கத்திரிக்கா விலையைக் கேட்டா யாருக்குத்தான் பிடிக்காது?" என்றாள் மெய்ரூ.

தளர்வாகக் கொட்டிய அரிசியை ஆட்டினால் மணி மணியாக இறுகி உட்காரும். உட்கார்ந்தால் மட்டம் இறங்கும். சாய்த்துப் பிடித்த பக்கம் பள்ளம் விழும். வீட்டில் டப்பாவில் அரிசி கொட்டித் தட்டுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். சமையலறையில் தெரிந்த விஷயம் திரைச்சீலைக்கு முன்னால் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

ஆளாளுக்கு உறையைத் திருப்பிக் கேட்க, தாயாருக்குத் திடீரென்று அருள் இறங்கியது; பின்கட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் அண்ணியைத் தேடினேன். அண்ணி உள்ளே இல்லை. வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். லேலேவை என் கையில் திணித்தாள்.

"டாக்டர் ஒன்பதுக்குத் திறப்பார். ஏறு."

வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினாள்.

டாக்டர் விளக்கை அடித்து இடது மூக்குக்குள் பார்த்தார். வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். இரும்பு. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு லேலேவின் காலைப் பிடித்துக்கொண்டாள். லேலே போட்ட அலறலில் தெரு நாய்கள் உண்மையிலேயே பயந்திருக்கும். அரை நிமிஷம்தான். பேய் வெளியே வந்து தட்டில் விழுந்தது.

ஊறிப் பருத்த ஒரு பச்சைப்பயறு. சின்னதாக வெள்ளை வால் வேறு.

"முளை விட்டிருக்கு" என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தாளிச்சுச் சாப்பிட்டிருக்கலாம். முதல் நாளே ஏன் வரல?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"நான்தான் விடல டாக்டர். பயறும் நான் ஊறவெச்சதுதான்."

அன்று மதியம் லேலே இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, கரண்டியை என் செருப்புக்குள் நுழைத்துவிட்டு, மூன்று மணி நேரம் தூங்கினாள். அண்ணி கடையைத் திறந்தாள். கண்ணாடிக்குக் கீழே சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று வைத்தாள். தலை அலச வந்தவர்கள் என்னவென்று கேட்டால், கத்தரிக்கோலால் சுட்டிக்காட்டிச் சொன்னாள்.

"பேய். பக்கத்துல வந்து பாரு, கடிக்காது."

தாயார் வீட்டுத் திரைச்சீலை இறங்கிவிட்டது. ஆனால் மீன் சந்தைப் பக்கம் ஒருவர் முட்டையை உடைத்து மஞ்சள் கருவில் பார்க்கிறாராம். கூட்டம் அங்கே நகர்ந்திருக்கிறது. போகிறவர்கள் போங்கள். போகுமுன் ஒரு விளக்கை எடுத்து உங்கள் பிள்ளையின் மூக்குக்குள் ஒரு தடவை பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அதே விளக்கை உங்கள் மண்டைக்குள்ளும் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். யாரோ எப்போதோ நுழைத்த பயறு ஒன்று அங்கே முளைவிட்டுக்கொண்டிருக்கும்.