தொண்ணூற்றெட்டு சதவீத மெஷின்

எங்கள் வீட்டில் ஏசி நின்றது ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. அந்த நிமிஷத்திலிருந்து என் மனைவி ரோவீனா என்னை ஏசுவது நிற்கவில்லை.

லாஸ் வேகஸில் ஜூலை மாதம் ஏசி நிற்பது சின்ன விஷயமில்லை. வெளியே நூற்றுப் பதினைந்து டிகிரி. வீட்டுக்குள் அதற்கும் மேல். குழாயில் குளிர்ந்த தண்ணீர்ப் பக்கம் திருகினால் டீத்தூள் போடலாம் போலத் தண்ணீர் வந்தது. எங்கள் நாய் பிஸ்கட் குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ரோவீனா போனால் வாலை ஆட்டியது. நான் போனால் உறுமியது. ஏசியை நானா கொன்றேன்? நாய்க்கும் என்மேல்தான் கோபம். எனக்கு உலகத்தின்மேலேயே கோபம்.

பக்கத்து வீட்டு க்ளைட் ஏசி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.

"கம்ப்ரஸர் காலி, வெர்ன்."

"எவ்வளவு ஆகும்?"

"வெளியாள் வந்தா மூவாயிரத்துக்குக் குறையாது. உனக்குங்கறதால ஆயிரத்து நூறுல முடிச்சுத் தர்றேன். பழக்கம் இருக்குல்ல?"

"பழகினதுக்கே ஆயிரத்து நூறா? சண்டை போட்டிருந்தா எவ்வளவு குறைச்சிருப்பே?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மாதக் கடைசி. வங்கியில் கிடந்தது கார் இன்சூரன்ஸுக்கே போதாது.

அவன் போனதும் ரோவீனா கையை நீட்டினாள்.

"டப்பாவை எடு."

"எந்த டப்பா?"

"கராஜ்ல தூண்டில் டப்பா. ஆயிரத்து இருநூறு டாலரை அதுக்குள்ள படுக்க வெச்சுத் தாலாட்டிக்கிட்டிருக்கியே, அந்த டப்பா."

"அது பணம் இல்ல, ரோவீனா."

"வேற என்ன? மீனா?"

"அது ஆட்ட முதல்!"

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊரில் சூதாடுகிறவன் ஒரு ரகம். ஆட்ட முதலை நிர்வாகம் செய்கிறவன் இன்னொரு ரகம். முன்னவன் மீசையோடு உள்ளே போய் மூக்கோடு மட்டும் திரும்பி வருகிறவன். நான் அப்படியில்லை. முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவன், நிறுத்தம் தெரிந்தவன். எனக்கு விதிகள் உண்டு. வீட்டுப் பணமும் ஆட்டப் பணமும் கலக்கக் கூடாது. ஒரு பந்தயத்துக்கு ஆட்ட முதலில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது. தோற்றதைத் துரத்தக் கூடாது. கொஞ்சம் ஜெயித்ததும் எழுந்துவிட வேண்டும். கோபத்தில் ஆடவே கூடாது. இந்தக் கடைசி விதியை ஒரு நாள் பெருங்கோபத்தில்தான் ஏற்படுத்தினேன்.

"வீட்டுப் பணமும் ஆட்டப் பணமும் கலக்கக் கூடாது. இது முதல் விதி," என்றேன்.

"வீட்டுப் பணம் ஆட்டத்துக்குப் போகக் கூடாது. அதானே அதுக்கு அர்த்தம்?"

"கலக்கக் கூடாதுன்னா ரெண்டு பக்கமும்தான். அதுவும் வரக் கூடாது, இதுவும் போகக் கூடாது."

"நான் இங்க வெந்துக்கிட்டிருக்கேன், வெர்ன். நாய் தொட்டியில வேகுது. உன் தலையில முட்டையை உடைச்சு ஊத்தினா ஆம்லெட் ஆயிடும். இதுக்குக்கூட வராத பணம் பின்ன எதுக்குத்தான் வரும்?"

"எதுக்கும் வராது!"

"அப்ப அந்தப் பணம் டப்பாவை விட்டு வெளிய வர்றதுக்கு வழியே கிடையாதா?"

"ஒரே வழிதான்! ஒரு சூதாட்ட மெஷின் என்கிட்டயிருந்து ஜெயிச்சு எடுத்துக்கணும்! வேற எவனுக்கும் அதுல உரிமை இல்ல!"

நான் கத்திய கத்தில் தொட்டிக்குள்ளிருந்து பிஸ்கட் குரைத்தது. ரோவீனா ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேலியோரம் போய் க்ளைட்டைக் கூப்பிட்டு எதையோ பேசினாள். புருஷனைப் பற்றிப் புலம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் பேசப் பேச நான் பிழைத்திருக்கிறேன். அவள் பேச்சை நிறுத்தியபோதெல்லாம் ஏதாவது ஒன்றை இழந்திருக்கிறேன். வெயிலில் மூளை உருகியிருந்ததால் அன்று அது ஞாபகம் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஒரு தீர்மானத்தோடு எழுந்தேன். போல்டர் சாலையில் உள்ளூர்க்காரர்கள் போகிற காசினோவுக்குப் போவது. ஆட்ட முதலைத் தொடாமல், அது போடுகிற குட்டியில் ஆயிரத்து நூறு சம்பாதிப்பது. அதை ரோவீனாவின் முகத்துக்கு முன்னால் மேஜைமேல் அடிப்பது. அங்கே ஏசியும் பிரமாதமாக இருக்கும் என்பது வேறு விஷயம். நல்ல சட்டை போட்டு, பெல்ட் கட்டி, டப்பாவும் கையுமாக வாசலுக்கு வந்தேன்.

"எங்க?"

"ஏசிக்குப் பணம் கொண்டு வர."

"எப்படி?"

"எல்லாரையும் மாதிரி கண்ட மெஷின்ல உக்கார மாட்டேன். லூஸான மெஷினாப் பாத்து உக்காருவேன்."

"ஒரு லூசு இன்னொரு லூஸைத் தேடிப் போகுதாக்கும்."

"லூஸ்னா தாராளமாத் திருப்பிக் குடுக்கற மெஷின்னு அர்த்தம்! டூரிஸ்டுங்க விளையாடற ஒரு சென்ட் மெஷின் இருக்கே, அது ரத்தக்காட்டேரி. பாட்டுப் பாடும், பொம்மை காட்டும், ஆளை உறிஞ்சிடும். நான் போறது டாலர் மெஷின். பொம்மை கிடையாது, பாட்டு கிடையாது. தொண்ணூத்தஞ்சு சதவீதம்!"

"தொண்ணூத்தஞ்சுன்னா?"

"நூறு டாலர் போட்டா சராசரியா தொண்ணூத்தஞ்சு திரும்பி வரும்."

ரோவீனா கையிலிருந்த விசிறியை மடக்கினாள்.

"நூறு குடுத்துட்டு தொண்ணூத்தஞ்சு வாங்கிக்கறதுக்கா இந்த வெயில்ல பெல்ட்டெல்லாம் கட்டியிருக்கே?"

"சராசரின்னு சொன்னேன்! நடுவுல ஏறும், இறங்கும். ஏறும்போது எழுந்து வந்துடணும். அதுதான் நிர்வாகம்! உனக்கெங்க புரியப் போகுது!"

"புரிய வேண்டியது புரிஞ்சுடுச்சு. இருக்கறதுலயே அதிகமாத் திருப்பிக் குடுக்கற மெஷின்லதான் ஆடணும். இதுதானே உன் கொள்கை?"

"இதுதான்."

"தொண்ணூத்தஞ்சைவிட அதிகமாக் குடுக்கற மெஷின் ஒண்ணு இருந்தா?"

"இந்த ஊர்ல கிடையாது."

"சமையலறையில இருக்கு. வா."

சாப்பாட்டு மேஜையில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. என் கண்ணெதிரே ஐம்பத்திரண்டு சீட்டையும் பரப்பினாள். சிவப்பு இருபத்தாறு, கறுப்பு இருபத்தாறு. அதோடு ஒரே ஒரு ஜோக்கரைச் சேர்த்தாள்.

"நீ பணம் வை. கலைச்சுப் போட்ட கட்டுலயிருந்து நீயே ஒரு சீட்டை எடு. சிவப்பு வந்தா வெச்ச பணத்தை ரெண்டு மடங்காத் திருப்பித் தர்றேன். கறுப்பு வந்தா எனக்கு. ஜோக்கரும் எனக்கு. ஒவ்வொரு தடவையும் நீயே கலைச்சுக்கோ. இப்ப எத்தனை சதவீதம்னு நீயே சொல்லு."

செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். வியர்வை சொட்டிச் சொட்டி எண்கள் கரைந்தன. மறுபடி போட்டேன். ஐம்பத்து மூன்றுக்கு ஐம்பத்திரண்டு. தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்கும் மேல்! இவ்வளவு லூஸான மெஷினை இந்தப் பாலைவனத்தில் எவனும் பார்த்ததில்லை. அது என் சமையலறையில், என் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓடிப் போகலாம் என்றால் என் கொள்கையே வாசலை மறித்துக்கொண்டு நின்றது. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"நான் ஜெயிச்சா குடுக்கறதுக்கு உன்கிட்டப் பணம் ஏது?"

"என் அக்காகிட்ட நேத்தே கேட்டு வெச்சுட்டேன். சொன்னா உடனே அனுப்புவா. பெட்ரோலும் உனக்கு மிச்சம்."

உட்கார்ந்தேன். உடனே அவள் குரல் மாறிவிட்டது.

"வாங்க சார். எங்க சூதாட்ட விடுதிக்கு நல்வரவு. இன்னிக்கு உங்களுக்கு அதிர்ஷ்டமான நாளா அமையட்டும்."

"ஏய், ஒழுங்காப் பேசு."

"பந்தயம் வைங்க சார்."

பத்துப் பத்தாக வைத்தேன். நூற்றில் ஒரு பங்கு, விதிப்படி. சிவப்பு. சிவப்பு. கறுப்பு. சிவப்பு. அரை மணி நேரத்தில் தொண்ணூறு டாலர் லாபம். நான் மேஜையைத் தட்டினேன். "பாத்தியா! நிர்வாகம்!" என்றேன்.

"வாழ்த்துகள் சார்."

அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. பெருமூச்சு விடவில்லை. முப்பத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், தொண்ணூறு டாலர் தோற்றுவிட்டு, ஓட்டல் வாசலில் நிற்கிற பொம்மை மாதிரி புன்னகை செய்கிறாள். நான் ஜெயித்தது அவளுக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டாமா? விதிப்படி நான் அப்போது எழுந்திருக்க வேண்டும். வலிக்கும் வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கறுப்பு வர ஆரம்பித்தது.

முதல் கறுப்புக்குத் தோளைக் குலுக்கினேன். அடுத்ததுக்குப் பல்லைக் கடித்தேன். அதற்கடுத்ததுக்குச் சீட்டுக்கட்டைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். லாபம் போய் முதலும் கரைந்தது. இந்த நேரம் பார்த்தா க்ளைட் பின்கதவு வழியாக வர வேண்டும்? வந்தவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அதற்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன வெர்ன், மறுபடியும் கறுப்பா?"

"நீ தலையை உள்ளயே வெச்சுக்கிட்டுக் கதவைச் சாத்து!"

"சார், மற்ற வாடிக்கையாளர்களை மரியாதையா நடத்துங்க," என்றாள் ரோவீனா.

என் மண்டைக்குள் ஏதோ வெடித்தது. ஐம்பது வைத்தேன். கறுப்பு. நூறு வைத்தேன். சிவப்பு! எழுந்து நின்று க்ளைட்டின் முகத்துக்கு நேரே கை தட்டினேன். "வாழ்த்துகள் சார்," என்றாள் ரோவீனா, அதே புன்னகையோடு. அந்தப் புன்னகையை அழிப்பதற்காகவே இருநூறு வைத்தேன். கறுப்பு. துரத்தினேன். மறுபடி கறுப்பு. என் விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியில் என் இடுப்பில் பெல்ட் மட்டும்தான் மிச்சம்.

"மிச்சம் இருக்கறது எல்லாத்தையும் வைக்கறேன்!"

"யோசிச்சுச் சொல்லுங்க சார். நிதானமா ஆடச் சொல்லி எங்க விடுதியில அறிவுரை குடுக்கறது வழக்கம்."

"கட்டை இப்படித் தள்ளு!"

நானே கலைத்தேன். நானே வெட்டினேன். நானே எடுத்தேன்.

ஜோக்கர். மணி வைத்த குல்லாயைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து இளித்தது.

"மோசடி!" என்று கத்தினேன். கட்டைப் பரப்பிச் சீட்டுச் சீட்டாக எண்ணினேன். சிவப்பு இருபத்தாறு. கறுப்பு இருபத்தாறு. ஜோக்கர் ஒன்று. தலைகீழாக எண்ணினேன். அப்போதும் அதேதான். மோசடியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். நியாயமாகத் தோற்பதைப் போல அவமானம் வேறு கிடையாது.

ரோவீனா பணத்தை அடுக்கினாள். ஆயிரத்து நூறை க்ளைட்டிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவனுடைய டிரக்கிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா அது?"

"கம்ப்ரஸர்தான். நேத்து சாயங்காலமே எடுத்துட்டு வந்துட்டேன். காலையில பணம் கைக்கு வந்துடும்னு ரோவீனா சொன்னாங்க."

நான் மெல்ல ரோவீனா பக்கம் திரும்பினேன்.

"நேத்தேவா? நான் ஜெயிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருந்தே! எழுந்தியா?"

"அது வந்து..."

"ஜெயிச்சாலும் எழுந்திருக்க மாட்டே, தோத்தாலும் எழுந்திருக்க மாட்டே. அப்புறம் பணம் எந்தப் பக்கம் போகும்? மெஷினுக்குக் கோபம் வராது, வெர்ன். உனக்கு வரும். உன் கணக்குல அந்த ரெண்டு சதவீதத்தை மட்டும்தான் நீ பாத்தே."

"மீதி நூறு டாலர்?"

"அது விடுதியோட லாபம்."

மத்தியானத்துக்குள் ஏசி ஓட ஆரம்பித்தது. குளிர்ந்த காற்று வீடெங்கும் பரவியது. பிஸ்கட் தொட்டியை விட்டு வந்து ரோவீனாவின் காலடியில் சுருண்டது. அந்தக் குளிரிலும் எனக்கு மட்டும் வியர்த்தது. காலியான டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உறைந்து கிடந்தேன். எதையாவது சொல்லி இந்தப் பெண்பிள்ளையை ஒரே ஒரு தடவையாவது மடக்காவிட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. அவள் டூனா மீன் நூடுல்ஸைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தபோது வழி கிடைத்துவிட்டது.

"பெரிய காசினோ நடத்தறியே!" என்று சீறினேன். "ஒரே தடவை உக்காந்து ஆயிரத்து இருநூறு தோத்தவனுக்கு நிஜமான காசினோவுல என்ன பண்ணுவாங்க தெரியுமா? மேனேஜரே ஓடி வருவான். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய் இலவசமாச் சாப்பாடு போடுவான்! அந்த மரியாதை இந்த விடுதியில உண்டா?"

ரோவீனா ஒரு முள்கரண்டியை எடுத்துத் துடைத்து என் தட்டில் வைத்தாள்.

"முப்பத்தாறு வருஷமா வேற என்ன சாப்பிடறீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க, சார்?"