எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட இருபத்தொரு இன்டெக்ஸ்

பயந்தவன் கையில் கணினியைக் கொடுக்கக்கூடாது. நான் பயந்தவன். கனடாவில் அகதி மனுப் போட்ட நாளிலிருந்து, எந்தக் கடதாசியையும் ஐந்து போட்டோகொப்பி எடுத்தால்தான் எனக்கு நித்திரை வரும். (அந்தக் கொப்பிகளுக்கும் கொப்பி உண்டு.)

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில், வாகன உதிரிப்பாகம் விற்கும் கம்பனியொன்றில் புரோகிராமராகச் சேர்ந்தேன். கொழும்பு லொட்ஜில் காத்திருந்த மனைவி வதனியைக் கூப்பிட, வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் வேண்டும். மூன்று மாதப் புரொபேஷன் முடியும் திங்கட்கிழமை அதைத் தருவதாக மனேஜர் டயான் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன வேலை தந்தார். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைத் தட்டினால் அவருடைய பழைய ஓடர் திரையில் வர ஒரு நிமிடம் பிடித்தது. அந்த எண்ணுக்கு ஓர் இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணை மாதிரி ஒன்று, போட்டேன். கண் மூடித் திறக்கமுன் வந்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நாளைக்கு வேறு எதையாவது தேடச் சொன்னால்? பெயர், தெரு, பாகத்தின் நிறம், கொண்டுபோன ட்ரைவர் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று போட்டேன். மொத்தம் இருபத்தொன்று.

திங்கள் காலை, ஓடர் எடுப்பவர்களின் திரைகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு புது ஓடரையும் கணினி இருபத்தொரு அட்டவணையிலும் எழுதவேண்டியிருந்தது. டெலிபோன்கள் அலறின. வொஷ்றூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, வதனிக்கு என்ன சொல்வதென்று யோசித்தேன்.

வெளியே வந்தால், ஓடர் எடுக்கும் ரஞ்சி அக்கா நின்றார்.

"தம்பி, உது நீர் செய்த வேலையோ?"

"ஓம் அக்கா. என்னை வேலையிலயிருந்து கலைக்கப் போகினம்."

"ஒளிச்சு நிண்டால் கட்டாயம் கலைப்பினம். போய்ச் சொல்லும்."

டயானுக்கு முன்னால், ஒத்திகை பார்த்த ஆங்கிலம் முழுவதும் மறந்துபோய், நான்தான், நான்தான் என்று மட்டும் வந்தது. இருபத்தொன்றில் எத்தனை தேவை என்று கேட்டார். ஒன்று என்றேன். அவர் பின்னால் நிற்க, மிச்ச இருபதையும் அழித்தேன். திரைகள் அசையத் தொடங்கின. ஆனால் அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னேரத்துக்குள் மனதில் மூன்று தரம் வேலையிழந்தேன். ஐந்து மணிக்குக் கடிதத்தை மேசையில் வைத்தார். அளவுக்கு மிஞ்சிய கவனத்துடன் வேலை செய்பவர் என்று அதில் எழுதியிருந்தது.

வதனி அடுத்த வருடம் வந்துசேர்ந்தார். கதையை நான் சொல்லியிருக்கக்கூடாது. இன்றைக்கும் அரைமணித்தியால ஓட்டத்தில் விட்பியிலுள்ள மச்சான் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதென்றால், குடை, போர்வை, தண்ணீர்ப் போத்தல்கள், மாற்றுச் சப்பாத்து என்று காரில் ஏற்றிக்கொண்டேயிருப்பேன். வதனி வாசலில் நின்று பிள்ளைகளிடம் சொல்வார்:

"அப்பா இன்டெக்ஸ் போட்டு முடிக்கட்டும். எங்களுக்கு இடமிருந்தால் போவம்."